இரவல் இதயம்

கதை எழுதுகிறவர்கள் இதயத்துக்கு இழைத்திருக்கும் கொடுமைகளுக்குக் கணக்கே இல்லை. அதை நொறுக்கியிருக்கிறோம், வெடிக்கச் செய்திருக்கிறோம், கதாநாயகியின் கையிலிருந்து பிடுங்கிக் கதாநாயகன் காலடியில் போட்டிருக்கிறோம். ஓர் இதயத்தில் இன்னொருவர் குடியேறுவதும், வாடகை பாக்கி வைத்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்வதும் எங்கள் அத்தியாயங்களில் தினசரி நடக்கிற சங்கதி. இத்தனையும் எழுதிய எங்களில் ஒருவர்கூட அந்த வஸ்துவைக் கண்ணால் பார்த்ததில்லை.

வைத்தியர்கள் விஷயம் நேர்மாறானது. அவர்கள் அதைப் பார்த்திருந்தார்கள். பார்த்த காரணத்தாலேயே அதைத் தொடப் பயந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் மண்டை ஓட்டைத் திறந்து மூளையிலிருந்து கட்டிகளை எடுத்துவிட்டார்கள். 1881-இல் வியன்னாவில் பில்ரோத் என்ற மேதை இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குடலோடு தைத்தார். உடம்பில் கத்தி போகாத இடம் என்று பார்த்தால் மார்பு ஒன்றுதான் மிஞ்சியது. பத்தாயப் பெட்டியை விட்டுவிட்டு வீடு முழுவதையும் துருவிப் பார்த்த திருடனைப் போல, ரண சிகிச்சைக்காரர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் பெட்டிக்கு இரண்டு பூட்டுகள். முதல் பூட்டு காற்று. நுரையீரல் தானாக விரிவதில்லை. மார்புக் கூட்டின் உட்சுவருக்கும் நுரையீரலுக்கும் நடுவே வெளிக்காற்றைவிட அழுத்தம் சற்றுக் குறைவாக இருப்பதால்தான் அது கூட்டோடு ஒட்டிக்கொண்டு விரிகிறது. மார்பில் ஒரு துவாரம் விழுந்து வெளிக்காற்று உள்ளே புகுந்துவிட்டால், ஊசி குத்திய பலூன்போல் நுரையீரல் சுருங்கிப் போகும். இரண்டாவது பூட்டு இன்னும் கடினமானது. இதயம் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். ஓடுகிற கடிகாரத்துக்குள் விரலை விட்டுப் பழுது பார்க்க முடியாது. நிறுத்திவிட்டுப் பார்க்கலாமென்றால், நான்கைந்து நிமிஷத்துக்கு மேல் ரத்தம் வராவிட்டால் மூளை திரும்பி வராத தூரத்துக்குப் போய்விடும்.

1896-ஆம் வருஷம் லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற ரண சிகிச்சை நிபுணர் மார்புச் சிகிச்சையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். இதயத்தைப் பொறுத்தவரையில் இயற்கை போட்ட எல்லைக்கு வந்து சேர்ந்துவிட்டோம், இதற்கு மேல் போவதற்கு வழியில்லை என்பது அவருடைய அபிப்பிராயம். அதே வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதி ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்தில், மார்பில் கத்திக் குத்துப் பட்டுச் சாகக் கிடந்த ஒரு வாலிபனின் மார்பை லுட்விக் ரேன் என்பவர் திறந்தார். இதயத்தின் வலது அறையில் காயம். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கசிந்தது. ரேன் பட்டு நூலை எடுத்தார். இதயம் சுருங்கி விரிகிற அந்த இடைவேளை பார்த்து ஊசியைச் செலுத்தினார். மூன்று தையல். வாலிபன் பிழைத்துக்கொண்டான்.

பேஜட்டைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நான் சிரிக்க மாட்டேன். ரேன் செய்தது சுவரில் விழுந்த பொத்தலை வெளியிலிருந்து பூசிய காரியம்தான். வீட்டுக்குள் அவர் நுழையவில்லை. உள்ளே கண்ணால் பார்த்துப் பழுது பார்ப்பதற்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

முதல் பூட்டைத் திறந்தவர் பெர்டினாண்ட் சாவர்புரூக். 1904-இல், பிரெஸ்லாவ் நகரத்தில், அவர் ஓர் அறையையே செய்தார். நோயாளியின் உடம்பும் வைத்தியர்களும் அறைக்குள்ளே. நோயாளியின் தலை மட்டும் ரப்பர் வளையம் ஒன்றின் வழியாக வெளியே. அறைக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டால், மார்பைத் திறந்தாலும் நுரையீரல் சுருங்காது. பிரமாதமான யோசனை. ஆனால் ஊசியைக் கோக்க முடியவில்லை என்று வீட்டையே சாய்ப்பது போன்ற காரியம். ஐந்து வருஷத்துக்குள் நியூயார்க்கில் மெல்ட்சர், அவர் என்ற இரண்டு பேர் தொண்டைக் குழாயில் ஒரு சிறு குழாயைச் செருகி, அதன் வழியே காற்றை உள்ளே செலுத்திக் காட்டினார்கள். அறை தேவையில்லாமல் போயிற்று. அந்தக் குழாய் வழியிலேதான் பின்னால் க்ஷயரோகம் பிடித்த நுரையீரல்களையும் புற்றுநோய் கண்ட நுரையீரல்களையும் வெட்டி எடுக்கத் துணிந்தார்கள்.

இரண்டாவது பூட்டுக்கு வருமுன் ஒரு பைத்தியக்காரனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பைத்தியக்காரன் என்பது என் வார்த்தையல்ல. அவரைச் சுற்றியிருந்தவர்களின் எண்ணம்.

வெர்னர் போர்ஸ்மன் 1929-இல் பெர்லினுக்கு அருகே எபர்ஸ்வால்டே என்ற சிறிய ஊரின் ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர். வயது இருபத்தைந்துகூட நிரம்பியதோ இல்லையோ. கை ரத்தக் குழாயில் ஒரு மெல்லிய குழாயைச் செருகித் தள்ளிக்கொண்டே போனால் அது இதயத்தில் போய்ச் சேரும், அதன் மூலம் இதயத்துக்கு நேரே மருந்து செலுத்தலாம் என்று அவர் நினைத்தார். தலைமை வைத்தியர், கூடாது என்றார். மனுஷர் கேட்கவில்லை. கருவிகள் இருந்த அலமாரியின் சாவி ஒரு நர்ஸிடம் இருந்தது. பிற்காலத்தில் எழுதிய சுயசரிதையில் போர்ஸ்மன் இதை விஸ்தாரமாகச் சொல்கிறார். நாள் கணக்கில் பேசிப் பேசி அவளை இணங்க வைத்தார். அவள் சாவியை மட்டும் கொடுக்கவில்லை. பரிசோதனையை என்மேல் செய்யுங்கள் என்றாள். அவரும் சரியென்று அவளை மேஜையில் படுக்க வைத்துக் கையையும் காலையும் கட்டினார். கட்டிவிட்டு அப்பால் போய், தம்முடைய இடது கையிலேயே மருந்து போட்டுக் கீறிக் குழாயைச் செலுத்த ஆரம்பித்துவிட்டார்! அவள் சத்தம் போட்டிருக்கிறாள். கட்டு அவிழ்ந்ததும் அவளையே அழைத்துக்கொண்டு, கையில் தொங்குகிற குழாயோடு மாடிப்படி இறங்கி எக்ஸ்ரே அறைக்குப் போனார். அங்கே நண்பர் ஒருவர் குழாயைப் பிடுங்கப் பார்த்ததையும் சமாளித்துக்கொண்டு, அறுபத்தைந்து சென்டிமீட்டர் குழாயையும் உள்ளே தள்ளிப் படம் பிடிக்கச் செய்தார். குழாயின் நுனி இதயத்தின் வலது மேலறையில் தெரிந்தது.

இதை நான் ஒரு கதையில் எழுதியிருந்தால், ‘நம்பும்படி இல்லை’ என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். போர்ஸ்மனையும் பெரிய ஆஸ்பத்திரிகள் திருப்பித்தான் அனுப்பின. இதயத்தை விட்டுவிட்டு மூத்திர வியாதிகளைக் கவனிக்கும் வைத்தியராக அவர் காலம் தள்ளினார். நடுவில் நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டியதுதான். அவருடைய குழாயை எடுத்துக்கொண்டு நியூயார்க்கில் கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் இருவரும் இதய நோய்களின் தன்மையை அளந்து பார்க்கும் முறையை வகுத்தார்கள். 1956-இல் நோபல் பரிசை மூவருக்கும் பகிர்ந்து கொடுத்தபோது போர்ஸ்மன் ஒரு சிற்றூர் வைத்தியராகத்தான் இருந்தார். நர்ஸுக்கு யாரும் எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பரிசு என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். விவியன் தாமஸ். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்துக் கறுப்பு இளைஞர், தச்சுவேலை தெரிந்தவர். காலேஜில் சேர்ந்து டாக்டராக வேண்டும் என்று காசு சேர்த்து வைத்திருந்தார். 1930-இல் பாங்கு முறிந்து சேமிப்பெல்லாம் போயிற்று. அந்த வருஷம் ஆல்பிரட் பிளாலக் என்ற டாக்டரின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நாய்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதிலிருந்து நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தைப்பது வரை எல்லாவற்றையும் தச்சன் கைக்கே உரிய நிதானத்தோடு கற்றுக்கொண்டார். சம்பளப் பட்டியலில் மட்டும் அவர் பெருக்குகிற ஆளாகவே இருந்தார்.

பிளாலக் 1941-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது தாமஸையும் அழைத்து வந்தார். அங்கே ஹெலன் டாஸிக் என்ற பெண் டாக்டர் நீலக் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல். போதிய பிராண வாயு கிடைக்காமல் உதடும் விரல் நுனிகளும் நீலம் பாரித்துக் கிடக்கும் குழந்தைகள். நாலடி நடந்தால் குந்திக்கொண்டு மூச்சு வாங்கும். கைக்குப் போகிற ரத்தக் குழாயைத் திருப்பி நுரையீரல் குழாயோடு இணைத்தால் கூடுதலாக ரத்தம் போகுமே என்றார் டாஸிக். குழாய்க்காரன் வாய்க்காலைத் திருப்புகிற மாதிரி. அதைச் செய்து பார்க்கும் பொறுப்புத் தாமஸுக்கு வந்தது. சுமார் இருநூறு நாய்களின்மேல் அவர் அதைச் செய்து முடித்தார்.

1944 நவம்பர் 29-ஆம் தேதி, பதினைந்து மாதக் குழந்தை ஒன்றுக்குப் பிளாலக் அந்தச் சிகிச்சையைச் செய்தார். தாமஸ் ஒரு முக்காலியின்மேல் ஏறிப் பிளாலக்கின் தோளுக்குப் பின்னால் நின்று, ஊசி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனிதர்மேல் கத்தி வைக்க அவருக்கு உரிமையில்லை. உரிமையுள்ளவருக்குச் செய்த அனுபவம் போதாது. குழந்தையின் நிறம் மாறிற்று. அது அதிக நாள் ஜீவித்திருக்கவில்லை. ஆனால் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தன. 1945-இல் வெளியான கட்டுரையில் பிளாலக், டாஸிக் இருவருடைய பெயர்கள் மட்டும் இருந்தன. தாமஸுக்கு அந்தச் சர்வகலாசாலை கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது 1976-இல். அதுவும் வைத்தியத்துக்கான பட்டமல்ல; சட்டத்துக்கான பட்டம்!

இவ்வளவும் நடந்தும் இவர்களில் யாரும் இதயத்தைத் திறந்து உள்ளே கண்ணால் பார்த்துச் சிகிச்சை செய்யவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வாசலில் வேலி போட்டார்கள், வாய்க்காலைத் திருப்பினார்கள், கதவைத் திறக்கவில்லை. உள்ளே சுவரில் ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கு அந்த ஓட்டையை அடைக்க வேண்டுமானால், இதயத்தில் ரத்தமில்லாமல் செய்து, திறந்து, கண்ணால் பார்த்துத் தைக்க வேண்டும். அதற்குப் பத்து நிமிஷமாவது தேவை. உடம்பு தருவதோ நான்கு நிமிஷம்.

இந்த ஆறு நிமிஷத்துக்காக ஜான் கிப்பன் தம் வாழ்க்கையில் இருபத்திரண்டு வருஷங்களைச் செலவிட்டார்.

1930-31 வாக்கில் அவர் பாஸ்டன் நகரத்தில் டாக்டர் சர்ச்சில் என்பவரிடம் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். வேறொரு சிகிச்சைக்காக வந்த ஒரு பெண்ணுக்கு நுரையீரல் குழாயில் ரத்தக் கட்டி போய் அடைத்துக்கொண்டது. அந்தக் கட்டியை எடுக்கிற சிகிச்சையில் பிழைத்தவர்கள் வெகு அபூர்வம். ஆகையால் கடைசி நிமிஷம் வரை காத்திருப்பது என்று தீர்மானித்தார்கள். இரவு முழுவதும் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கால் மணிக்கு ஒரு தரம் நாடியைக் குறித்துக்கொள்வது கிப்பனின் வேலை. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து வருவதையும், நரம்புகள் புடைத்துக்கொள்வதையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். காலையில் சர்ச்சில் மார்பைத் திறந்து ஆறரை நிமிஷத்தில் கட்டியை எடுத்துவிட்டார். அவள் பிழைக்கவில்லை.

அந்த இரவில்தான் கிப்பனுக்கு அந்த எண்ணம் வந்தது. இந்தக் கறுத்த ரத்தத்தில் கொஞ்சத்தை வெளியே எடுத்துப் பிராண வாயுவைக் கலந்து மறுபடியும் உடம்புக்குள் விட்டால் என்ன? இதயமும் நுரையீரலும் செய்கிற வேலையைச் சற்று நேரம் வெளியே ஒரு யந்திரம் செய்தால் என்ன?

பெரியவர்கள் யாரும் உற்சாகப்படுத்தவில்லை. உற்சாகப்படுத்தியவள் சர்ச்சிலின் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராயிருந்த மேரி ஹாப்கின்ஸன். அவளைத்தான் அவர் கல்யாணம் செய்துகொண்டார். 1934-இல் தம்பதிகள் பாஸ்டனுக்குத் திரும்பி வந்து இருவருமாக யந்திரத்தைக் கட்ட ஆரம்பித்தார்கள். பரிசோதனைக்குப் பூனைகள் வேண்டும். கிப்பன் இரவில் சாக்குப் பையும் கையில் மீனுமாகத் தெருத் தெருவாய்ப் போய் நாதியற்ற பூனைகளைப் பிடித்து வந்தார். மறுநாள் காலையில் கணவனும் மனைவியும் சேர்ந்து யந்திரத்தைப் பூட்டுவார்கள். ரத்தம் வெளியே வந்ததும் உறைந்துவிடக் கூடாதே! அதற்கு மருந்து ஏற்கெனவே இருந்தது: 1916-இல் ஜே மக்லீன் என்ற வைத்திய மாணவர் நாயின் ஈரலில் தற்செயலாகக் கண்டெடுத்த ஹெபாரின். 1935-இல் ஒரு பூனையின் இதயத்துக்குப் போகும் வழியை அடைத்து வைத்து, யந்திரத்தைக் கொண்டே அதை உயிரோடு வைத்திருந்தார்கள். அன்று தம்பதிகள் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்த ஆராய்ச்சிக் கூடத்தைச் சுற்றி ஆடினார்களாம். இந்தக் கட்டுரையில் காதல் எங்கே என்று கேட்கும் நேயர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பூனைக்குப் போதுமானது மனிதனுக்குப் போதாது. உலக யுத்தம் வந்து சில வருஷங்களைத் தின்றது. பிறகு கிப்பன் பிலடெல்பியாவில் ஜெபர்ஸன் வைத்தியக் கல்லூரிக்கு வந்தார். கணக்கு யந்திரங்கள் செய்யும் ஐ.பி.எம். கம்பெனியின் தலைவர் வாட்ஸன், தம் என்ஜினீயர்களைக் கொடுத்து உதவினார். கம்பி வலைத் தகடுகளின்மேல் ரத்தம் மெல்லிய படலமாய் வழிந்து இறங்கும். அப்போது பிராண வாயு அதில் கலக்கும். 1952-இல் முதல் குழந்தை இறந்தது. நோய் இன்னதென்று சரியாக நிர்ணயிக்காததே காரணம். 1953 மே 6-ஆம் தேதி பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் இதயத்தில் இருந்த ஓட்டையை அவர் அடைத்தார். இருபத்தாறு நிமிஷம் அவள் முழுக்க முழுக்க யந்திரத்தின் தயவில் உயிரோடு இருந்தாள். எழுந்து நடந்து வீட்டுக்குப் போனாள்.

இந்த இடத்தில் கொட்டு மேளம் கொட்டிக் கதையை முடித்திருக்கலாம். ஆனால் அந்த வருஷம் ஜூலையில் இரண்டு சிறுமிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். கிப்பன் யந்திரத்தை நிறுத்தினார். அந்த மாதிரியான இதய சிகிச்சையை அதற்குப் பிறகு அவர் செய்யவே இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரு வாசலைத் தட்டியவர், அது திறந்ததும் உள்ளே நான்கடி நடந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். இதைக் கோழைத்தனம் என்று சிலர் சொல்லக்கூடும். அந்தச் சிறுமிகளின் தாய்மார்களிடம் போய் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. டொராண்டோவில் பிகலோ என்பவர், உடம்பைக் குளிர வைத்தால் மூளைக்குப் பிராண வாயுவின் தேவை குறையும் என்று நாய்களில் காட்டினார். 1952 செப்டம்பர் 2-ஆம் தேதி மினசோட்டா சர்வகலாசாலையில் ஜான் லூயிஸ் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை அப்படிக் குளிர வைத்து, ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓட்டையை அடைத்துவிட்டார். திறந்த இதயத்தைக் கண்ணால் பார்த்துச் செய்த சிகிச்சையில் முதல் வெற்றி இதுதான். ஆனால் குளிர் தந்த அவகாசம் சின்ன ஓட்டைகளுக்குத்தான் காணும். கீழறைகளின் நடுச்சுவரில் விழுந்த ஓட்டைக்கு அது போதாது.

லூயிஸுக்கு அன்று பக்கத்தில் நின்று உதவியவர் வால்டன் லில்லிஹை. இவரைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

லில்லிஹைக்கு 1950-இல் காதுக்குக் கீழே கட்டி. புற்றுநோய் என்று தெரிந்தது. அவருடைய குரு வாங்கன்ஸ்டீன் மேற்பார்வையில் கழுத்திலும் மார்பிலுமாக மணிக்கணக்கில் அறுத்து எடுத்தார்கள். கழுத்து அதற்குப் பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது. இன்னும் எத்தனை வருஷம் இருப்போம் என்பது அவருக்கே நிச்சயமில்லை. அப்படிப்பட்ட மனிதனுக்குக் காத்திருக்கும் பொறுமை இருக்காது.

கிப்பனின் யந்திரம் சிக்கலானது. அதைப்போல் செய்து பார்த்த பல இடங்களில் நோயாளிகள் இறந்து கொண்டிருந்தார்கள். லில்லிஹையின் ஆராய்ச்சிக் கூடத்தில் மார்லி கோஹன், ஹெர்பர்ட் வார்டன் என்ற இரண்டு இளைஞர்கள் வேறு வழி தேடினார்கள். இங்கிலாந்தில் இருவர், நாயின் இதயத்துக்கு வரும் பெரிய குழாய்களையெல்லாம் கட்டிவிட்டு, ஒரே ஒரு சின்னக் குழாயை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். வழக்கத்தில் பத்தில் ஒரு பங்கு ரத்தம்தான் ஓடியிருக்கும். அரை மணிக்கு மேலும் நாய்க்கு ஒன்றும் நேரவில்லை. அப்படியானால் கொஞ்சம் ரத்தம் போதும்! அந்தக் கொஞ்சத்தைச் சுத்தம் செய்து தர யந்திரம் எதற்கு? கர்ப்பத்தில் இருக்கிற சிசுவுக்கு யந்திரமா பிராண வாயு தருகிறது? தாய் மூச்சு விடுகிறாள், சிசு வாழ்கிறது.

அவ்வளவுதான் யோசனை. ஒரு நாயை இன்னொரு நாயோடு குழாய்களால் இணைத்தார்கள். ஒன்றின் நல்ல ரத்தம் மற்றதற்குப் போகும். மற்றதன் கெட்ட ரத்தம் இதற்கு வந்து சுத்தமாகித் திரும்பும். இரண்டு பக்கமும் ஓட்டம் துல்லியமாகச் சமமாயிருக்க வேண்டும். அதற்குப் பால் பண்ணைகளில் பாலைத் தள்ளுவதற்கு உபயோகமான ஒரு சாதாரணப் பம்பையே எடுத்துக்கொண்டார்கள். நாய்கள் பிழைத்தன.

நாய்களோடு நிறுத்தியிருந்தால் சர்ச்சையில்லை. மனிதர்களுக்குச் செய்யலாமென்று லில்லிஹை புறப்பட்டதும் சர்வகலாசாலையிலேயே பலமான எதிர்ப்புக் கிளம்பிற்று. எதிர்த்தவர்கள் மூடர்கள் அல்ல. வியாதிக்காரனுக்குச் சிகிச்சை செய்வதில் ஆபத்து உண்டு. அது வைத்தியத்தின் தர்மம். ஆனால் தேக திடத்தோடு நடமாடும் ஒருவனைப் பக்கத்து மேஜையில் படுக்க வைத்து மயக்க மருந்து கொடுத்துத் தொடையிலே குழாய் செருகுவது எந்த தர்மத்தில் சேர்த்தி? மனித சரித்திரத்திலேயே ஒரே சிகிச்சையில் இருநூறு சதவீத மரணம் ஏற்படக்கூடியது இது ஒன்றுதான் என்று பேசிக்கொண்டார்கள். வாங்கன்ஸ்டீன் அனுமதி கொடுத்தார்.

1954 மார்ச் 26. குழந்தைக்கு வயது பதின்மூன்று மாதம். இதயத்தின் கீழறைச் சுவரில் ஓட்டை. நிமோனியா மாற்றி நிமோனியா. பெற்றோர் ஏற்கெனவே ஒரு மகளை இதே வியாதிக்குப் பறிகொடுத்தவர்கள். ரத்தம் பொருந்தியது தகப்பனாருக்கு. அன்று காலை ஒரே அறையில் இரண்டு மேஜைகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் குழந்தை, கைக்கு எட்டும் தூரத்தில் மற்றொன்றில் தகப்பன். நடுவில் பால் பம்பு. பம்பு ஓட ஆரம்பித்ததும் மகனுடைய இதயத்துக்குப் போகும் வழிகளைக் கட்டினார்கள். லில்லிஹை இதயத்தைத் திறந்தார். உள்ளே ரத்தமில்லை, ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. சுமார் இருபது நிமிஷ நேரம் இரண்டு உடம்புகளுக்கும் ஓர் இதயமே இருந்தது. அது தகப்பனுடைய இதயம்.

‘பெற்ற பிள்ளைக்காக உயிரையே கொடுப்பேன்’ என்று நம் வீடுகளில் சொல்லாத தகப்பன் இல்லை. அதை எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்ட இடம் அந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சிகிச்சை வெற்றி. தகப்பன் எழுந்துவிட்டார். குழந்தையும் கண் திறந்தது. பதினொன்றாம் நாள் நிமோனியா வந்து குழந்தை இறந்துவிட்டது. பரிசோதித்துப் பார்த்ததில் ஓட்டை கெட்டியாக மூடியிருந்தது தெரிந்தது. கிப்பன் நின்ற இடம் இது. லில்லிஹை நிற்கவில்லை. அந்த ஏப்ரல் மாதமே இன்னும் இரண்டு குழந்தைகளுக்குச் செய்தார். இருவரும் பிழைத்தார்கள். இரண்டு பேரில் யாருடைய மனம் உயர்ந்தது என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. குழந்தைகள் பிழைத்தது லில்லிஹையின் பிடிவாதத்தால் என்பது மட்டும் தெரியும்.

ஆகஸ்டு 31-ஆம் தேதி பத்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். டாஸிக் கவனித்தாரே, அந்த நீலக் குழந்தைகளின் ஜாதி. அவனுக்கு அபூர்வமான ரத்தம். தாய்க்கும் பொருந்தவில்லை, தகப்பனுக்கும் பொருந்தவில்லை. ரத்தம் கொடுப்பவர்களின் ஜாபிதாவைத் தேடிப் பார்த்ததில் சாலை போடும் வேலை செய்யும் ஒருவர் அகப்பட்டார். பையனை முன்பின் பார்த்தவரல்ல. அவருக்கே மூன்று குழந்தைகள். அவர் வந்து படுத்தார். பையன் பிழைத்தான். சொந்தக் குழந்தைக்குச் செய்வதை அன்பு என்று சொல்லிவிடலாம். அந்தச் சாலைக்காரர் செய்ததற்கு என்ன பெயர் வைப்பதென்று நான் வெகு நேரம் யோசித்தேன். அகப்படவில்லை.

1955 ஜூலைக்குள் நாற்பத்தைந்து பேருக்கு இப்படிச் செய்தார்கள். இருபத்தெட்டுப் பேர் வீடு திரும்பினார்கள். வேறு எந்த வைத்தியத்துக்கும் வழியில்லாமல் வந்தவர்கள் அவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இதயத்தை இரவல் கொடுத்த நாற்பத்தைந்து பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை என்று புத்தகங்கள் பெருமையோடு எழுதுகின்றன. உண்மைதான். ஆனால் அவர்களில் ஒரு தாய் இருந்தாள். மயக்கத்தில் இருந்தபோது காற்று ரத்தத்தில் புகுந்து அவளுடைய மூளையைத் தாக்கிவிட்டது. உயிர் போகவில்லை; ஆகையால் மரணக் கணக்கில் அவள் வரமாட்டாள். ஆனால் படுக்கப் போன மனுஷியாக அவள் எழுந்திருக்கவில்லை. எதிர்த்தவர்கள் எதற்குப் பயந்தார்களோ அது அந்த ஒரு வீட்டில் நடந்தது. அந்த வீட்டுக்கு நாற்பத்தைந்தில் ஒன்று என்ற கணக்கு என்ன ஆறுதல் தரும்?

இரவல் வாங்குவது நிலைக்காது என்பது லில்லிஹைக்கும் தெரிந்தே இருந்தது. ரிச்சர்ட் டிவால் என்ற இளம் உதவியாளரைக் கூப்பிட்டு, மலிவாக ஒரு கருவி செய்யச் சொன்னார். ரத்தத்தில் பிராண வாயுவைக் குமிழிகளாக விடுவது பழைய யோசனை. நுரையைப் போக்க முடியாமல் எல்லாரும் கைவிட்டது. ஒரு குமிழி மூளைக்குப் போனால் ஆள் தீர்ந்தான். டிவால், உணவுப் பண்டத் தொழிற்சாலைகளில் உபயோகிக்கும் பிளாஸ்டிக் குழாயை வாங்கி, நுரையை அடக்கும் மருந்தை உள்ளே பூசி, குழாயைத் திருகு சுருளாகச் சுற்றினார். சுருளில் இறங்கும்போது கனத்த ரத்தம் கீழே தங்கும். குமிழி மேலே போய்விடும். யந்திரத்தில் ஆடுகிற பாகம் ஒன்றுகூட இல்லை. 1955 மே மாதம் முதல் தடவையாக உபயோகித்தார்கள். இதே சமயத்தில் தொண்ணூறு மைல் தள்ளி மேயோ ஆஸ்பத்திரியில் ஜான் கிர்க்ளின், கிப்பனின் யந்திரத்தைத் திருத்தி அமைத்து 1955 மார்ச்சு முதல் வேலை செய்துகொண்டிருந்தார். இதயத்தைத் திறப்பதை அன்றாட வேலையாகச் செய்த இடங்கள் அப்போது உலகத்திலேயே இந்த இரண்டுதான். வெளியூர் டாக்டர்கள் ஒன்றைப் பார்த்துவிட்டு மோட்டார் ஏறி மற்றதையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு தொல்லை பாக்கியிருந்தது. ஓட்டையைத் தைக்கிறபோது சில குழந்தைகளுக்கு இதயத் துடிப்பைக் கடத்தும் மெல்லிய தசை இழையும் தையலில் அகப்பட்டுவிடும். துடிப்புத் தாளம் தப்பும். அதற்கு மின்சார யந்திரம் ஒன்றை இதயத்தோடு கம்பியால் இணைத்தார்கள். யந்திரமோ சுவரில் செருகியது. குழந்தை எங்கே போனாலும் பின்னால் நீளக் கம்பி போகும். 1957 அக்டோபர் 31-ஆம் தேதி மினியாபொலிஸ் நகரத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக் கருவிகளை ரிப்பேர் செய்துகொண்டிருந்த எர்ல் பாக்கன் என்ற இளைஞரிடம் லில்லிஹை விஷயத்தைச் சொன்னார். பாக்கன் தம் கார் கொட்டகையில் உட்கார்ந்து, பொழுதுபோக்கு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஒன்றில் வெளியாகியிருந்த, சங்கீத மாணவர்களுக்குத் தாளம் போடும் கருவியின் படத்தை எடுத்து, நான்கு வாரத்தில் பாட்டரியில் ஓடும் சிறு பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். நாய்க்கு வைத்துப் பார்க்கலாம் என்று கொண்டுவந்தார். மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அது ஒரு குழந்தையின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

லில்லிஹை புற்றுநோயை ஜயித்து 1999 வரை இருந்தார். நடுவில் வருமான வரி வழக்கில் தண்டனை பெற்றதும் உண்டு. மகான்களைத் தேடி அறுவை மண்டபத்துக்குப் போகிறவர்கள் ஏமாந்து திரும்ப வேண்டியதுதான். முப்பது வருஷத்துக்குப் பிறகு அவரும் நண்பர்களும் அந்த நாற்பத்தைந்து பேரும் என்ன ஆனார்கள் என்று தேடிக் கணக்கெடுத்தார்கள். இருபத்திரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். பையன்கள் நடுத்தர வயதை எட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்களில் சிலர் தாய்மார்களாகியிருந்தார்கள்.